உத்தரவா, பதிலா? சபைப் பிள்ளைகளோடு சினிமா பேச ஐந்து வழிகள்

திடப்படுத்தல் வகுப்பில் (திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு) ஒன்பதாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி 1 பேதுரு 3:15-ஐ வாசித்தாள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அப்போ நாங்க கேள்வி கேட்டா நீங்க உத்தரவு போடணும்னு பேதுருவே சொல்லிட்டாரா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. பழைய மொழிபெயர்ப்பில் உத்தரவு என்றால் பதில், இன்றைக்கு நமக்கு அது கட்டளை என்று விளக்கிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு வந்தது மொழிச் சந்தேகமே இல்லை. முந்தின வாரம் அவள் தன் பைபிள் உறையில் கொரியப் பாட்டுக் குழு ஒன்றின் படத்தை ஒட்டியிருந்தாள். நான் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் "எடு அதை" என்றிருந்தேன்.

பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே ஒரு சின்ன லுத்தரன் சபை எங்களுடையது. 13 முதல் 17 வயது வரை இருபது பிள்ளைகள் இருப்பார்கள். ஞாயிறு பள்ளிக்கு வர வெட்கம், வாலிபர் சங்கத்தில் சேர வயது போதாது. போன ஜூனில் கமிட்டி கூடியபோது இவர்களுக்கென்று ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்து, ஐந்து யோசனைகள் மேசைக்கு வந்தன. நான்கை நாங்களே செய்து பார்த்தோம், ஒன்றைப் பக்கத்து சபையோடு போய்ப் பார்த்தோம். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் வேறு சபையோ கத்தோலிக்கப் பங்கோ இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆறாவது யோசனை ஒன்றும் இருந்தது. எதுவும் செய்ய வேண்டாம், சினிமாவும் செல்போனும் கூடாது என்று பிரசங்கத்தில் சொன்னால் போதும் என்றார் ஒரு தாத்தா. தியேட்டர் வாசலை மிதித்ததே இல்லை என்பவர். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ரசிகர் மன்றமும் சீட்டும் சாராயமும் ஒரே திண்ணையில் இருந்த காலத்தைப் பார்த்தவர், ஒதுங்கியதால் தப்பித்தவர். ஆனால் இப்போது மிதிக்காமல் இருக்கத் தியேட்டர் வாசல் எங்கே இருக்கிறது? அது பிள்ளைகளின் பைக்குள் வந்துவிட்டது. தடை போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அங்கேயும் பிள்ளைகள் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் சொல்வது மட்டும் நின்றுபோயிருக்கிறது.

இன்னொன்றையும் கமிட்டியில் சொன்னேன். இது நம் பக்கத்துக்குப் புதுப் பிரச்சினை கிடையாது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்தில் குறவஞ்சி என்றால் ஜனங்கள் கூடிப் பார்க்கும் ஆட்டம். சரபோஜி மன்னர் மேலேயே ஒரு குறவஞ்சி பாடி, பெரிய கோயிலில் ஆடினார்கள். சாஸ்திரியார் அதே வடிவத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீபாக, அதாவது நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1879-இல் அச்சான அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தைத்தான் தமிழின் முதல் நாவல் என்கிறோம். அன்றைக்கு நாவல் என்பது இன்றைய வெப் சீரிஸ் மாதிரிப் புதுச்சரக்கு. ஊர் எதைக் கேட்டது, எதைப் பார்த்தது என்று தெரிந்துகொண்டு அதற்குள் புகுந்தவர்கள் இவர்கள்.

எங்கள் தரங்கம்பாடிக்கே வருவோமே. 1706-இல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளாகத் தேடிச் சேர்த்தார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி 1713-இல் அனுப்பிய புத்தகத்தை அச்சுப்போட ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் மேலிடம் சம்மதிக்கவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதைப் பரப்ப அல்ல என்பது அவர்கள் எண்ணம். கடைசியில் 1867-இல்தான் அது அச்சேறியது. அவர் எழுதியதில் நமக்கு ஒப்பாத கடுஞ்சொல்லும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்த அந்த ஒரு காரியத்துக்காக, எங்கள் ஞாயிறு பள்ளிக்கு அவர்தான் முதல் வாத்தியார் என்பேன்.

சரி, யோசனைகளுக்கு வருகிறேன்.

படம் போட்டுப் பேசுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒரு புரொஜெக்டர், மண்டபத்துச் சுவர், சுண்டல். எங்கள் பிள்ளைகள் கைதட்டியே விட்டார்கள்.

செய்யப் போகிறவர்கள் முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சென்சார் சான்றிதழ். 2024 முதல் பழைய யூஏ என்ற ஒரே வகை மூன்றாகப் பிரிந்து யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று வருகிறது. உங்கள் கூட்டத்தில் யாருக்கு வயது குறைவோ அவரை வைத்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூஏ என்பதே பெற்றோரின் துணையோடு பார்க்க என்பதால், வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. இரண்டாவது, ஓடிடி சந்தா என்பது வீட்டில் பார்க்கத் தருவது. மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்ட அதில் உரிமை இல்லை. "கர்த்தருடைய வேலைக்குத்தானே" என்று ஒருவர் சொன்னார். களவு செய்யாதிருப்பாயாக என்ற ஏழாம் கட்டளைப் பாடம் எடுத்த கையோடு அதை எப்படிச் செய்வது? முழுப் படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். மண்டபத்தில் பாட்டோ டிரெய்லரோ மூன்று நான்கு நிமிடம், தயாரிப்பு நிறுவனமே யூடியூபில் போட்டிருப்பதை மட்டும் பார்த்தோம். சட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு, பேச நேரம் கிடைத்ததில் எங்களுக்கே லாபமாக முடிந்தது. இரண்டரை மணி நேரப் படத்தை அங்கேயே பார்த்திருந்தால், முடியும்போது பெண் பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்டில் வண்டியோடு நின்றிருப்பார்கள்.

முதல் தடவை நான் சொதப்பினேன். "இந்தப் படத்தில் கிறிஸ்தவக் கருத்து என்ன?" என்று கேட்டேன். "தியாகம் டீச்சர்." "அன்பு டீச்சர்." "மன்னிப்பு டீச்சர்." எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பதில், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. இரண்டாம் தடவை கேள்வியை மாற்றினேன். எந்த இடத்தில் சலித்துப் போய்ப் போனை எடுத்தீர்கள்? யார் மேல் உண்மையாகக் கோபம் வந்தது? இதில் வரும் ஆட்களில் யார் உங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா காபி கொடுக்க மாட்டார்? அவ்வளவுதான், மடை திறந்த மாதிரிப் பேச்சு.

அதிலிருந்துதான் நான் எதிர்பாராத ஒன்று வந்தது. ஒரு பையன் கேட்டான்: "படத்துல ஃபாதர் வந்தா ஒண்ணு பேயோட்டுவார், இல்லன்னா பாவமன்னிப்புக் கூண்டுல உட்கார்ந்திருப்பார். நம்ம சபை ஆயர் மாதிரி ஸ்பிளெண்டர்ல போயி ரேஷன் கடை க்யூவுல நிக்கிற ஆள் ஏன் வர்றதே இல்ல?" இன்னொருவன், பழைய படங்களில் வில்லனின் அடியாளுக்கு மட்டும் ஏன் பீட்டர், ராபர்ட், டேவிட் என்று பெயர் வைக்கிறார்கள் என்றான். அவன் பெயரும் அதில் ஒன்று. சினிமாவில் தப்பு எங்கே என்று நாங்கள் பெரியவர்கள் முத்தத்தையும் குத்தாட்டத்தையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க, பிள்ளைகளோ தங்களை அதில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வழியின் குறை, வாய் உள்ள பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். ஓரத்தில் இருக்கிறவர்கள் சுண்டலோடு சரி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் நல்லது. இதையே முழுத்திட்டமாக வைக்க முடியாது.

முகாம்

பக்கத்து சபை ஒன்று மே மாதத்தில் மூன்று நாள் கடற்கரை முகாம் வைத்தது. எங்கள் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு நானும் போனேன். தாலுகாவைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அது பெரிய திறப்புதான். போனை மூன்று நாள் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். முதல் நாள் கை நடுங்கினாற்போல் திரிந்தவர்கள் மூன்றாம் நாள் கபடி ஆடினார்கள். அதற்காகவே முகாம் வைக்கலாம்.

ஆனால் சினிமா, பாட்டு பற்றிய கேள்விகளுக்கு அது சரியான இடமா? கடைசி இரவு நெருப்பு மூட்டி, விட்டுவிடப் போவதை ஒரு தாளில் எழுதிப் போடச் சொன்னார்கள். அனிமே, ரீல்ஸ், கேம், பாட்டு என்று எழுதிப் போட்டு அழுதார்கள். இரண்டு வாரத்தில் எல்லா ஆப்பும் போனுக்குத் திரும்பியது, கூடவே புதிதாகக் குற்ற உணர்ச்சி. நெருப்பில் போட்டதை மறுபடி எடுத்துவிட்டோமே என்று ஒரு பிள்ளை இரண்டு ஞாயிறு சபைக்கே வரவில்லை. விவாதிக்க வேண்டிய கேள்வியைச் சத்தியமாக மாற்றினால் வருகிற வினை இது. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

செலவையும் சொல்ல வேண்டும். பேருந்து, சாப்பாடு, தங்குமிடம், பெண் பிள்ளைகளோடு தங்கக் குறைந்தது இரண்டு பெண்கள். எங்கள் கமிட்டியின் வருடத் தொகை முழுவதும் மூன்று நாளில் போய்விடும். கத்தோலிக்கப் பங்குகளுக்கு வேளாங்கண்ணி, பூண்டி மாதிரி இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் சுலபம். வேளாங்கண்ணி என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆயத்தக் காணொளித் தொடர்

லண்டன் சபை ஒன்றில் பிறந்த ஆல்ஃபா மாதிரி, இளைஞர்களுக்கென்றே எடுத்த தொடர்கள் உண்டு. நேர்த்தியான படப்பிடிப்பு. நடத்துகிறவர் பெரிதாகத் தயாரிக்க வேண்டாம். நான்கு வாரம் இந்த வகைத் தொடர் ஒன்றை ஓட்டினோம். உதாரணங்கள் எல்லாம் பனி விழும் ஊர், ஹாலோவீன், பள்ளியில் ஆண் பெண் சேர்ந்து ஆடும் விருந்து. எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளதோ திருவிழாக் கச்சேரி, ராசிபலன் ரீல்ஸ், கட்அவுட், சிநேகிதி கொண்டுவரும் கோயில் சர்க்கரைப் பொங்கல். இரண்டும் ஒட்டவில்லை. ஆனால் ஆல்ஃபாவின் நடைமுறை நல்லது: முதலில் சேர்ந்து சாப்பிடுவது, பிறகு சின்னதாக ஓர் உரை, பிறகு யாரும் எதையும் கேட்கலாம். தொடரை நிறுத்திவிட்டு அந்த நடைமுறையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வாட்ஸ்அப் குழு

செலவில்லாத வழி, ஒரே வாரத்தில் நாசமான வழியும் அதுதான். பெற்றோரையும் சேர்த்ததால் காலை வணக்கப் படங்கள், பிறகு இன்ன படத்தில் சாத்தான் குறியீடு ஒளிந்திருக்கிறது என்ற ஃபார்வர்டுகள். பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெற்றோரை நீக்கினால் வேறு ஆபத்து. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே உரையாடுவதை எந்தச் சபையும் அனுமதிக்கக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இது எங்கள் எழுதிய விதி.

இதற்கெல்லாம் மேல், எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொந்தப் போன் கிடையாது. அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. ஒரு பெண் பிள்ளை கேட்கும் கேள்வியை முதலில் வாசிப்பவன் அண்ணன் என்றால் அவள் என்ன கேட்பாள்? பேருந்து நேரம் சொல்ல மட்டும் குழுவை வைத்திருக்கிறோம்.

துண்டுச்சீட்டு அரைமணி

ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் நீளவாக்கில் ஒரு வெட்டு. போன வருடக் காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டுகள். ஆராதனை முடிந்து 11.15-க்கு டீயும் பன்னும், 11.45-க்கு முடித்துவிட வேண்டும், 12 மணிக்கு டவுன் பஸ். வாரம் 300 ரூபாய் ஆகிறது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பக்கத்துக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் வருவது கூடியிருக்கிறது. பையன்கள் சைக்கிளில் வருகிறார்கள்.

விதிகள் குறைவு. பெயர் எழுத வேண்டாம். வாரம் மூன்று சீட்டு மட்டும். சீட்டில் ஒரு பாட்டோ படமோ இருந்தால் அதை முதலில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேச்சு. கேட்காமல் கருத்துச் சொல்லப் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. முதலில் பிள்ளைகள் பேச வேண்டும், நான் கடைசியில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கலாம். ஆயர் ஐயா மாதம் ஒரு முறை வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார்.

முதல் மாதத்தில் வந்த ஒரு சீட்டை அப்படியே தருகிறேன். "முகாம்ல லைட்டைக் குறைச்சு டிரம்ஸ் வாசிச்சப்போ அழுகை வந்துச்சு. அந்தக் கொரியா பாய்ஸ் பாட்டு கேட்டாலும் அதே அழுகை வருது. எது பரிசுத்த ஆவி?" எந்த இறையியல் கல்லூரியிலும் பரீட்சைக்கு வைக்கலாம். பிள்ளைகள் கால்மணி நேரம் மோதிக்கொண்டார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டால் சம்பந்தமில்லாதவர்களுக்கும் கண் கலங்கும் என்றாள் ஒருத்தி. என் முறை வந்தபோது கலாத்தியர் 5:22-ஐ எடுத்தேன். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று போகிற பட்டியலில் கண்ணீரே இல்லை. இசைக்கு உடம்பை உலுக்கும் சக்தி உண்டு, அது சபையிலும் வேலை செய்யும், கச்சேரியிலும் வேலை செய்யும். புதன்கிழமை தங்கச்சியோடு சண்டை வரும்போது எது மிச்சம் இருக்கிறது என்று பார், என்றேன். முகாமில் அழுகையே வராத ஒரு பையன் மெதுவாக, "அப்போ எனக்கு வரலன்னா தப்பில்லையா டீச்சர்?" என்றான். நீ அழுதாலும் அழாவிட்டாலும் உன் ஞானஸ்நானம் செல்லும் என்றேன். மூன்று நாள் முகாமில் அவன் கேட்க முடியாமல் இருந்த கேள்வி அது.

இன்னொரு சீட்டு: ஹீரோ கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவது விக்கிரக ஆராதனையா? ஊற்றியவனே எழுதியிருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். பால் வீண், அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றது ஒரு கட்சி. அது சும்மா ஜாலி, அதில் பக்தி எங்கே என்றது இன்னொரு கட்சி. பிஷப் வந்தபோது நாமும்தானே பிளெக்ஸ் வைத்து வெடி போட்டோம் என்று ஒரு குரல் வந்தது. கடைசி பெஞ்சில் ஆயர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலில் முதல் கட்டளைக்குச் சொல்லும் விளக்கத்தைச் சொன்னேன்: உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு நம்பியிருக்கிறதோ அதுதான் உண்மையில் உன் தெய்வம். பிறகு பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன். படம் ஓடவில்லை என்றால் என்ன ஆகும்? பால் ஊற்றியவன், "ரெண்டு நாள் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே அமைதியாகிவிட்டான். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு அவன் பால் ஊற்றினானா என்று இன்றுவரை விசாரிக்கவும் இல்லை.

பேய், பிசாசு வரும் அனிமே பார்க்கலாமா என்பது மாதம் ஒரு முறை வந்துவிடும். அதற்குத் தானியேல் முதல் அதிகாரத்தை எடுப்போம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல் அங்குள்ள கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கிறான், அவர்கள் வைத்த பெயரையும் சுமக்கிறான், ராஜாவின் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்கிறான். கோடு எங்கே கிழிப்பது என்று அவனே யோசித்துத் தீர்மானம் பண்ணியிருக்கிறான். "உன் சாப்பாட்டுத் தட்டு எது?" என்று கேட்டால் பிள்ளைக்குப் பிள்ளை பதில் மாறுகிறது. ஒருத்திக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் பேய்ப்படம். ஒருவனுக்குப் பேய் பிரச்சினையே இல்லை, கெட்ட வார்த்தை வாயில் ஒட்டிக்கொள்கிறது என்றான். ஒரே பட்டியலை எல்லோர் கையிலும் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்குமே பொருந்தியிருக்காது.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கானா மெட்டில் பாடலாமா என்ற சீட்டு மட்டும் கமிட்டிவரை போனது. லூத்தர் தன் பிள்ளைகளுக்காக எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு 1535-இல் ஒரு நாட்டுப்பாட்டு மெட்டில்தான் அச்சானது. 1539-இல் அதே பாட்டுக்கு வேறு மெட்டு வந்துவிட்டது. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடைத்ததில் பிரச்சினை தீரவில்லை. தெருவில் கானா, ஆலயத்துக்குள் பழைய மெட்டு என்று பிள்ளைகளே பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மெதுவாகப் போகும். வெளியே காட்ட எதுவும் இருக்காது. முகாம் என்றால் குரூப் போட்டோவாவது மிஞ்சும். குறும்புச் சீட்டுகள் வரும். நான் முதலில் பார்த்த படம் எது, யாரோடு போனேன் என்று ஒரு சீட்டு கேட்டது, சொல்லித் தொலைத்தேன். மழைக்காலத்தில் கூட்டம் குறையும்.

ஒரு குறையை மட்டும் இலேசாக எடுக்கக் கூடாது. பெயரில்லாத டப்பா வைத்தால் சினிமாவே இல்லாத சீட்டும் ஒரு நாள் வரும். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை எழுதலாம். அன்றைக்கு என்ன செய்வது என்பதை டப்பா வைப்பதற்கு முன்பே ஆயரும் ஆசிரியரும் பேசிவைத்திருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சபைக்குள் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம், பிள்ளைகள் நேராகவே கூப்பிடலாம்.

எதை எடுப்பது

என் ஓட்டு துண்டுச்சீட்டுக்கு. கூடவே இரண்டு மாதத்துக்கு ஒரு படம். காரணம் ஒன்றுதான். மற்ற நான்கிலும் முதல் கேள்வியைப் பெரியவர்கள்தான் கேட்கிறோம். படத்தைத் தேர்ந்தெடுப்பது நாம், முகாமின் தலைப்பு நம்முடையது, காணொளியின் கேள்வி லண்டனிலிருந்து வருகிறது. டப்பாவில் மட்டும்தான் கேள்வி பிள்ளையிடம் பிறக்கிறது. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி உண்டு. அதை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கத்தான் லூத்தர் எழுதினார். அந்தக் கேள்வியைப் பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன கெட்டுவிடும்? பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து அவர்களை வினாவிக்கொண்டிருந்தார் என்றுதானே லூக்கா எழுதுகிறார்.

எல்லாச் சபைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் இருந்தால் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம், பெயரில்லாமை என்பது பேச்சுக்குத்தான். அங்கே படமோ சேர்ந்து நடக்கும் நடையோ மேல். ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள பங்கில் டப்பாவை வகுப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். முகாமுக்குப் பணமும் இடமும் உள்ளவர்கள் வையுங்கள், ஆனால் நெருப்பு மூட்டாதீர்கள், முடிந்த அடுத்த ஞாயிறே டப்பாவை வையுங்கள். பிள்ளைகள் பார்ப்பதை உட்கார்ந்து பார்க்க ஒரு பெரியவர்கூட முன்வராத சபையில் எதையும் தொடங்க வேண்டாம். முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தொடங்க நல்ல காலம் ஜூன். மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவை வேலையில் பெரியவர்கள் மும்முரமாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஞாயிறு காலியாக இருக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் பிற்பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, புரொஜெக்டரை நம்பாதீர்கள். டப்பாவுக்குக் கரண்ட் தேவையில்லை.

போன ஞாயிறு திறந்தபோது மூன்று சீட்டு இருந்தது. ஒன்றில், ஏஐ எழுதித் தந்த ஜெபத்தைப் படித்தால் கடவுள் கேட்பாரா என்று இருந்தது. அதற்கு ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். இன்னொன்று கிரிக்கெட். மூன்றாவதை எடுத்ததும் பிள்ளைகளில் யாரும் எழுதியதில்லை என்று தெரிந்துவிட்டது. கோணல் மாணலாக, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய லை, னை போட்டு எழுதியிருந்தது. பேரன் ஏதோ ஜப்பான் பொம்மைப்படம் பார்க்கிறான், கூப்பிடுகிறான், நானும் கூட உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேள்வி.

எழுதியது யார் என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். விதிப்படி நான் சொல்லவில்லை. கூட்டத்தில் புதிதாக வந்து சேர்ந்தவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். எந்த எபிசோடிலிருந்து ஆரம்பித்தால் தாத்தாவுக்குப் புரியும் என்று சொல்லத் தொடங்கினாள்.